கேட்டுவிட்டுத் தொடுவது

12 ஜூன் 2024, புதன்

தண்ணீர் வரவில்லை. கீழேயிருந்து அண்ணி இரண்டு குடம் கொடுத்தனுப்பினார்கள். இனியாவின் சீருடைச் சட்டை தோளில் இறங்குகிறது, பிடித்துத் தைக்க வேண்டும்.

காலையில் இனியா மாடிப்படியில் நின்றுகொண்டு, “ஆண்டாள், உன் கோலம் அழகா இருக்கு” என்றாள். அண்ணி கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நிமிர்ந்தார்கள். அண்ணி என் கணவரின் அக்கா, இந்த வீட்டுச் சொந்தக்காரி. நாங்கள் மாடியில் இருக்கிறோம்.

“எங்க வூட்டுக்காரரு கூட இத்தினி வருஷத்துல எம் பேர வாயால சொன்னதில்லடி” என்று சிரித்தார்கள். சிரிப்புதான். ஆனால் எதிர்வீட்டில் யாராவது கேட்டார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அதையும் நான் பார்த்தேன்.

ஸ்வீடனில் அவள் போன பள்ளியில் டீச்சரைக்கூட “உல்லா” என்றுதான் எல்லாக் குழந்தைகளும் கூப்பிடும். உல்லாவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை அதுதான் இனியாவுக்கு ஊர். இவர் வேலை பார்த்த வாஷ்பேசின் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது, விசா முடிந்தது, செராமிக் படித்த ஊருக்கே திரும்பிவிட்டார். விருத்தாசலம் அவருக்குத் திரும்பி வந்த ஊர். எனக்கும் அப்படித்தான். இனியாவுக்கு மட்டும் இது வந்து சேர்ந்த ஊர்.

அத்தை என்று கூப்பிடச் சொன்னேன். “ஆண்டாள்னு கூப்பிட்டா அவளுக்குப் பிடிக்காதா?” என்று கேட்டாள். பிடிக்கும் பிடிக்காது என்பதில்லை என்று எப்படிச் சொல்வது?

19 ஜூன், புதன்

கம்மாபுரத்திலிருந்து தம்பி கலியமூர்த்தி பைக்கில் வந்தான். ஒரு பை நிறைய கொய்யா, இனியாவுக்கு என்று தனியாக அரைக்கிலோ ஜாங்கிரி. டப்பாவை வாங்கிக்கொண்டு, “நன்றி. ஆனா இன்னைக்குப் புதன்” என்று மேசைமேல் வைத்துவிட்டாள். ஸ்வீடனில் மிட்டாய் சனிக்கிழமைதான். யாரும் கண்டிப்புக் காட்டாமலே எல்லாப் பிள்ளைகளும் சனிக்கிழமைக்குக் காத்திருக்கும். தம்பிக்கு விளக்கினேன். “அதுவரைக்கும் கெட்டுடாதாக்கா?” என்றான்.

பிறகு அவளைத் தூக்கப் போனான். அவள் வலது கையை நீட்டி உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். “நிறுத்து. இது என் உடம்பு.”

அவன் நின்றுவிட்டான். “சரிங்க சார். போலீஸு நிறுத்தச் சொல்லிட்டாங்க, வண்டி நின்னுடுச்சு” என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அவளும் சிரித்தாள். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “நான் ஒருவாட்டி கூட தூக்குனதில்லக்கா. போன்லயே பாத்தேன் அஞ்சு வருஷம்.”

21 ஜூன், வெள்ளி

அந்தக் கையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

உல்லா கற்றுக்கொடுத்தது. யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் கையை நீட்ட வேண்டும். எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். டீச்சர், டாக்டர், அப்பா, அம்மா. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவள் தலை துவட்ட மனுப் போட வேண்டுமா? பிறகு பழகிவிட்டது. தலை வாரட்டுமா, குளிப்பாட்டட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். சில நாள் வேண்டாம் என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சீப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அவள் வரும்வரை காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

அவளைப் பொறுத்தவரை அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

3 ஜூலை, புதன்

கீழே சாப்பிட்டோம். அண்ணி வாழைக்காய் வறுவல் செய்திருந்தார்கள், இனியா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை எடுத்துப்போய்க் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, “சாப்பாட்டுக்கு நன்றி” என்றாள். தினமும் சொல்வதுதான், அங்கே எல்லா வீட்டிலும் குழந்தைகள் சொல்வது.

அண்ணியின் முகம் மாறிவிட்டது. “சோத்துக்கு நன்றி சொல்ற அளவுக்கு நாம என்ன ஓட்டலா மதி நடத்தறோம்?” என்று கேட்டார்கள். கோபமில்லை. நிஜமாகவே மனம் நொந்திருக்கிறது. மரியாதை என்று சொல்லிக்கொடுத்தது அவர்களுக்கு ‘நீ எனக்கு வேற்றாள்’ என்று கேட்கிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. நடுவில் நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

21 ஜூலை, ஞாயிறு

தேதி குறித்துவிட்டார்கள். செப்டம்பர் எட்டு. மொட்டை, காதுகுத்து, கொளஞ்சியப்பர் கோயிலில்.

மறுக்க முடியாது. எனக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தையில்லாமல், மருந்து மாத்திரையோடு விமானம் ஏறிய வாரம், கலியமூர்த்தி அந்தக் கோயிலிருக்கும் மணவாளநல்லூர் போய், கோர்ட்டில் மனுப் போடுவதுபோல் சாமிக்கு எனக்காகப் பிராது எழுதிக் கட்டியிருக்கிறான். நான் மாசமான பிறகுதான் அதைச் சொன்னான். ஊரில் நிலத்தகராறுக்குக் கட்டுவார்கள், காணாமல் போன மாட்டுக்குக் கட்டுவார்கள். என் தம்பி எனக்கு ஒரு பிள்ளை கேட்டுக் கட்டினான். கேட்டது கிடைத்தால் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், பிள்ளையின் முதல் முடியைக் கொடுக்க வேண்டும்.

“தீர்ப்பு வந்து அஞ்சு வருஷமாச்சுக்கா. இன்னும் கேச முடிக்காம வெச்சிருக்கோம். அவரு என்னா நெனைப்பாரு?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கண்ணில் சிரிப்பில்லை. அவனுக்கும் பிள்ளையில்லை. அந்தச் சாமியிடம் அவன் தனக்காகக் கேட்டானா என்று நான் கேட்டதில்லை.

இவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த சூளையை இந்த வாரம்தான் முதலில் பற்றவைக்கிறார்கள். தலையெல்லாம் வெள்ளை மண். “செஞ்சிடுவோம் மதி, எல்லாரும் செய்யறதுதானே” என்றார். எல்லாரும் செய்வதுதான். எனக்கும் செய்தார்கள்.

24 ஆகஸ்ட், சனி

ஒரு மாதமாகப் பழக்குகிறேன். சாமிக்கு முடி கொடுப்பது, மறுபடி வளர்வது, மாமா மடியில் உட்காருவது எல்லாம். கம்மலைக் காட்டினேன், பிடித்திருக்கிறது. மொட்டைதான். “அது என் முடிதானே?” என்று கேட்டாள். உன்னுடையதுதான், அதனால்தான் நீ கொடுக்கலாம் என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

“அப்ப என்னைக் கேப்பியா?”

கேட்பேன்.

“வேண்டாம்னா?”

கேட்பேன்னு சொன்னேன் இல்ல, என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை உடைந்துவிட்டது. நாளைக்கு.

8 செப்டம்பர், ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

11 செப்டம்பர், புதன்

இன்றுதான் எழுத முடிகிறது. காது வீங்கியிருப்பதால் பள்ளிக்கு அனுப்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

கோயிலில் எங்களைப் போல் நாலைந்து குடும்பம். நம் ஆட்களே அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு. கலியமூர்த்தி புது வேட்டியில், மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தான். முடி எடுப்பவர் கிண்ணத்தில் தண்ணீரோடு பக்கத்தில். இனியா தானே நடந்துபோய் அவன் எதிரில் நின்றாள். அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கேட்பதற்காக நிற்கிறாள்.

கேட்டேன். அங்கேதான் தப்பு. கேட்காமல் தூக்கி மடியில் வைத்திருந்தால் எல்லாக் குழந்தைகளும் அழுவதுபோல் அழுதிருப்பாள், எல்லாக் குழந்தைகளும் மறப்பதுபோல் மறந்திருப்பாள். நான்தான் பெரிய இவள் மாதிரி, அறுபது பேருக்கு நடுவில், “முடி எடுக்கலாமா கண்ணு?” என்று கேட்டேன். சரி என்பாள் என்று நினைத்தேன். சரி என்பதற்காகத்தான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். கத்தியைப் பார்த்தாள். பக்கத்தில் பாதி மொட்டையோடு அலறிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். “வேணாம். நன்றி.”

சிரிப்பு. “தேங்க்ஸு வேறயா!” என்று யாரோ. மறுபடி கேட்டேன். கேக்கறேன் இல்ல, சரின்னு சொல்லும்மா. வேணாம். மூன்றாம் தரம் கேட்டேனா, ஞாபகமில்லை. முடி எடுப்பவர் அடுத்த பார்ட்டி நிற்கிறது என்றார். “கொழந்தகிட்ட என்னா விசாரணை, புடி மதி” என்றார்கள் அண்ணி. கலியமூர்த்தி மடியில் விரித்திருந்த துண்டின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான். கைதான் நீவியது. முகம்— அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

இனியா கையை நீட்டினாள். அவனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

அந்தக் கையைத்தான் பிடித்தேன். அந்த மணிக்கட்டைத்தான். இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்து அவன் மடியில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றுகிறவரை, முடியும்வரை, நான்தான் பிடித்திருந்தேன். வேற யாருமில்ல, நான்தான். என்ன பண்ணியிருக்கணும்? எழுந்து வந்திருக்கணுமா? அவன விட்டுட்டா? எட்டு வருஷமா எனக்காக ஒரு சாமிகிட்ட கடன்பட்டு நிக்கிறவன அத்தன பேர் முன்னாடி துண்ட மடிச்சுக்கினு எழுந்து போன்னு சொல்லணுமா? சொல்லு.

கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துவிட்டது. திமிறவில்லை. காது குத்தும்போது கத்தவேயில்லை. “தங்கமான புள்ள” என்றார் ஆசாரி.

14 செப்டம்பர், சனி

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, சம்பந்தமில்லாததுபோல், மண்ணைப் பற்றிப் பேசினார். ஈரமாக இருக்கும்போது ஒரு தட்டு வளைந்துவிட்டால் நிமிர்த்தி வைப்பார்களாம். காயும்போது நேராகத்தான் இருக்குமாம். “சூளைல வெச்சா மட்டும் மொதல்ல வளைஞ்ச பக்கமே திரும்ப வளையும். மறக்காது.” இனியா அங்கே கற்றது எங்கும் போய்விடாது என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. எந்தச் சூட்டில் அது தெரியும்? அப்போது யார் கூட இருப்பார்கள்?

19 செப்டம்பர், வியாழன்

தலையில் சந்தனம் வைக்கட்டுமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி தலையைக் காட்டினாள்.

20 செப்டம்பர், வெள்ளி

குளிப்பாட்டட்டுமா என்றேன். என்னையே பார்த்தாள். ஏமாற்றுகிறேனா என்று பார்ப்பதுபோல்.

2 அக்டோபர், புதன்

கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்கும்போதெல்லாம் அவள் முகம் இறுகுகிறது. கேட்காமல் செய்தால் சும்மா இருக்கிறாள்.

5 அக்டோபர், சனி

மிட்டாய் டப்பாவைத் தேடவில்லை. இன்று சனிக்கிழமை என்று நானே நினைவுபடுத்தினேன். செவ்வாயன்றே பள்ளியில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்ததைத் தின்றாயிற்றாம், வீட்டிலும் அத்தை தினம் கொடுக்கிறார்களாம். எந்தக் கிழமையானாலும் மிட்டாய்தான் என்று எனக்கே விளக்கினாள். சரிதானே. இதில் அழ என்ன இருக்கிறது?

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

சந்தோஷமான நாள். மறைக்காமல் எழுதுகிறேன். காலையில் எண்ணெய் வைக்கப் பலகை போட்டு அண்ணி உட்கார்ந்தவுடன், இனியா ஓடிப்போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்து, “அத்தை, நெறைய வெக்காதீங்க, கண்ணு எரியும்” என்றாள். அத்தை. வெக்காதீங்க. அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. “எங்க வூட்டுப் பொண்ணு ஆயிட்டாடி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள், நான் ஏதோ பரீட்சை எழுதி அதில் பாஸானதுபோல்.

தெருப் பிள்ளைகளோடு நாள் முழுக்க ஓடினாள். மத்தாப்புக்குச் சண்டை போட்டாள். ஸ்வீடனில் ஒரு பூங்காவில் தனியாக ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த குழந்தை இது. அங்கே கேட்டுத்தான் தொடுவார்கள், ஆனால் தொட எத்தனை பேர் இருந்தார்கள்? நான், இவர், உல்லா. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிட்டாள். நன்றி சொல்லவில்லை. அண்ணி கவனிக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

17 நவம்பர், ஞாயிறு

கலியமூர்த்தி வந்தான். இளைத்திருக்கிறான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கும் நிலத்தில் அவனுடையதும் வருகிறதாம், வீட்டோடு சேர்த்து. உங்களையெல்லாம் கேட்காமலா செய்வார்கள் என்று கேட்டேன்.

“கேக்காம இல்லக்கா. பந்தல் போட்டு, டீ குடுத்து, ஒவ்வொருத்தரா கூப்ட்டுத்தான் கேட்டாங்க. எல்லாரும் வேணாம்னோம். எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப அளக்க வராங்க” என்றான். “கேக்காமயே எடுத்திருந்தா கூட இவ்ளோ எரிஞ்சிருக்காதுக்கா.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். அவன் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், என் கை இரண்டும் எனக்குத் தெரியும்படி இருந்தன.

6 டிசம்பர், வெள்ளி

பாலக்கரையில் பாத்திரக்கடை. கடைக்காரர் இனியாவின் கன்னத்தைக் கிள்ளினார். சும்மா இல்லை, சிவந்துவிட்டது. பழக்கமில்லாத ஆள். கிள்ளிவிட்டு இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, “இங்கியே இரு, அம்மா போவட்டும்” என்று விளையாட்டுக் காட்டினார். எல்லாரும் செய்வதுதான். இனியா சிரித்தாள். பல் தெரிய. அவளுடைய கை இரண்டும் பக்கவாட்டில் அப்படியே தொங்கின. நான் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. வாங்கியதை அங்கேயே போட்டுவிட்டு அவளை இறக்கிக் கூட்டிவந்தேன்.

வழியில் கேட்டேன், பிடித்ததா என்று. இல்லை, வலித்தது என்றாள். அப்ப கையைக் காட்டி வேணாம்னு சொல்லணும்டா, நீ அங்கே சொல்லுவ இல்ல?

நடந்துகொண்டே கேட்டாள். “சொன்னா?”

வேறெதுவும் கேட்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆவின் கடையில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை.

13 ஜனவரி 2025, திங்கள், போகி

தம்பி பொங்கல் சீர் கொண்டுவந்தான். கரும்பு, மஞ்சள்கொத்து, பச்சரிசி, வெல்லம். கம்மாபுரம் வீட்டிலிருந்து வரும் கடைசிச் சீராக இருக்கும் என்றான். இனியா அவன் மடியில் போய்த் தானாக உட்கார்ந்தாள். மீசையைப் பிடித்து இழுத்தாள். அவன் கரும்பைக் கடித்துத் துண்டு துண்டாக அவள் வாயில் ஊட்டினான், அவளும் வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றும் முகம்.

கொடுத்தாயிற்று.

20 ஜனவரி, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி. முடி வளர்ந்துவிட்டது, கிளிப் நிற்கிறது. காதுப் புண் ஆறி, கம்மல் நன்றாகவே இருக்கிறது.

சீப்பை எடுத்துக்கொண்டு நின்றேன். ஏன் இன்றைக்கு என்று தெரியாது. மாதக்கணக்கில் கேட்காததைக் கேட்டேன். தலை வாரட்டுமா?

வேண்டாம் என்று சொல்லேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சொன்னால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன், வேன் போனாலும் போகட்டும்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே அண்ணியின் குரல்.

“இதுக்கெல்லாமாம்மா கேட்டுக்கினு நிப்பாங்க? வாரு. வேன் வந்துடும்.”

தலையைக் குனிந்து கொடுத்தாள். வாரினேன்.